மூட்டைச் சுவரும் முள்கம்பியும்

நேபாளத்தின் நடுமலை மாவட்டங்களில் வீடு என்றால் அருகிலுள்ள சரிவில் பெயர்த்த கல்லை மண்சாந்து வைத்து அடுக்கி, மேலே மரச்சட்டம் பூட்டி, கற்பலகையோ தகரமோ வேய்ந்த இரண்டு அல்லது மூன்று நிலைக் கட்டடம் என்பதே பல தலைமுறைகளின் வழக்கம். 2015 ஏப்ரல் 25 அன்று கோர்க்கா மாவட்டத்தில் மையம் கொண்டு 7.8 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கமும், மே 12 அன்று 7.3 அளவில் அதைத் தொடர்ந்த மற்றொன்றும் அந்த வழக்கத்தின் பலவீனத்தை மூன்று வாரத்துக்குள் வெளிக்காட்டிவிட்டன. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தனர். ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வீடுகள் முற்றாக இடிந்தன. மேலும் இரண்டரை லட்சம் வீடுகள் பகுதியாகச் சேதமுற்றன. முதல் அதிர்ச்சி சனிக்கிழமை நண்பகலில், அதாவது நேபாளத்தின் வார விடுமுறை நாளில் வந்ததால் பள்ளிகள் பூட்டியிருந்தன. பல ஆயிரம் வகுப்பறைகள் ஆளில்லாமல் சரிந்தன. அதே அதிர்ச்சி ஒரு வேலைநாளில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணத்தை, மலைநாட்டில் கட்டடம் கட்டுகிற எவரும் மனத்திலிருந்து விலக்க முடியாது.

கல்வீடு ஏன் விழுந்தது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால்தான் மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கிக் கட்டும் மண்மூட்டை வீடு எதற்கு விடையாக முன்வைக்கப்பட்டது என்பது விளங்கும். ஒன்றரை அடி அகலமுள்ள கற்சுவர் பார்வைக்கு ஒரே சுவராகத் தோன்றினாலும், பெரும்பாலும் அது முகம் பார்த்து அடுக்கிய உள்வரி, வெளிவரி என்ற இரண்டு சுவர்களும் அவற்றின் நடுவே திணித்த சிறுகல்லும் மண்ணுமே ஆகும். இரண்டு வரிகளையும் குறுக்கே பிணைக்கும் நீளக் கற்களை இடையிடையே வைக்காமல் விட்டிருந்தால், நிலம் பக்கவாட்டில் அசையும்போது வரிகள் ஒன்றையொன்று விட்டு விலகிப் புடைத்து வெளிப்புறமாகக் கொட்டிவிடும். மூலைகளில் சுவரும் சுவரும் கோத்துக்கொள்ளாததும், வீட்டைச் சுற்றி இடுப்புக்கச்சை போல ஓடும் கிடைமட்டப் பட்டை எதுவும் இல்லாததும் இந்தக் குறையை மேலும் பெருக்கின. எனவே குற்றம் கல்லின்மீதோ மண்ணின்மீதோ இல்லை. பிணைப்பு இல்லாமைதான் குற்றம். மண்மூட்டைக் கட்டுமானத்தைப் பற்றிய எந்த மதிப்பீடும் இங்கிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் அதன் ஆதரவாளர்களில் சிலர் மூட்டையைப் புகழ்கிறார்கள். புகழப்பட வேண்டியதோ மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையில் கிடக்கும் முள்கம்பி.

மண்மூட்டைக் கட்டுமானம் என்பது, பாலிப்ரோப்பிலீன் இழையால் நெய்த சாக்கில், அதாவது அரிசியும் சிமெண்டும் அடைத்து வரும் அதே வெண்ணிறச் சாக்கில், ஈரப்பதம் சேர்த்த மண்ணை நிரப்பி, செங்கல் வரிசைபோல் இணைப்பு மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரியையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பும் முறை. ஆற்றங்கரை உடைப்பெடுக்கும் வேளையில் பொதுப்பணித் துறையினர் மணல்மூட்டை அடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் புதிதாக இராது. ஆயினும் வெள்ளத்துக்கு அடுக்கும் மூட்டை தன் எடையால் மட்டுமே நிற்கிறது, வீட்டுச் சுவரின் மூட்டையோ இறுகிய மண்கட்டியாகவே மாறிவிடுகிறது. சரியான மண்ணைச் சரியான பதத்தில் இடித்திருந்தால், பின்னாளில் சாக்கு கிழிந்தாலும் உள்ளிருப்பது கொட்டாது. சாக்கு ஒரு வார்ப்புச் சட்டம். அது தாங்கும் பொருளாகச் செயல்படுவது மண் உலரும்வரையிலும், பிறகு நிலம் அசையும் நொடிகளிலும்தான்.

இம்முறையின் வரலாறு நேபாளத்தில் தொடங்கவில்லை. ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகத்தில் கெர்நோட் மின்கே 1970-களின் பிற்பகுதியில் மண் நிரப்பிய துணிக் குழாய்களைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். 1976-இல் குவாத்தமாலாவைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், அந்நாட்டில் 1978-இல் எழுப்பிய மாதிரி வீட்டில், சுண்ணாம்புநீரில் தோய்த்த பருத்தித் துணிக் குழாய்களில் எரிமலை நுரைக்கல் கலந்த மண்ணை நிரப்பி, மூங்கில் கழிகளால் அவற்றை நிமிர்த்திப் பிடித்திருந்தார். இம்முறையை உலகறியச் செய்தவர் ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் நாதெர் கலீலி. உயரக் கட்டடங்கள் வடிவமைக்கும் தொழிலை 1975-இல் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஈரானின் பாலைநிலக் கிராமங்களைச் சுற்றி மண்வீடுகளைக் கற்ற அவர், 1984-இல் நாசாவின் நிலவுத் தளங்கள் பற்றிய கருத்தரங்கில், வெளியிலிருந்து எதையும் சுமந்து செல்லாமல் அங்குள்ள மண்ணைக் கொண்டே உறைவிடம் அமைப்பதைப் பற்றிப் பேசினார். கலிபோர்னியாவின் மொகாவே பாலைநிலத்தில் ஹெஸ்பீரியா என்ற ஊரில் அவர் நிறுவிய கால்-எர்த் நிலையத்தில், நீண்ட குழாய்ச் சாக்கும் முள்கம்பியும் கொண்டு வளர்த்த குவிமாட வடிவத்துக்குச் 'சூப்பர் அடோபி' என்று பெயரிட்டு, 1999-இல் காப்புரிமையும் பெற்றார். அடோபி என்பது வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். ஈரானின் குஸஸ்தான் பகுதியில் ஈராக்கிய அகதிகளுக்காக 1995-இல் எழுந்த இவ்வகை உறைவிடங்களும் சேர்ந்து, 2004-இல் இந்த மணல்மூட்டை உறைவிடத் திட்டத்துக்கு ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றுத் தந்தன.

கலீலியின் குவிமாடம் அழகானது, கணக்கிலும் சரியானது. ஒவ்வொரு வளையமும் கீழ் வளையத்தைவிடச் சிறிது உள்தள்ளி அமைவதால் கூரைக்கு மரமோ இரும்போ வேண்டியதில்லை. மரமற்ற, மழையற்ற நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அரிது. ஆனால் ஆனியிலிருந்து புரட்டாசிவரை மழை கொட்டும் இமயமலையின் தென்சரிவில் அதே குவிமாடத்துக்குத் தாழ்வாரம் கிடையாது. வீட்டின் முழு உடம்பும் கூரையாகவே இருப்பதால் பூச்சில் விழும் மயிரிழை வெடிப்பு ஒவ்வொன்றும் ஒழுக்குவாயாகிறது. வட்ட அறையில் கட்டிலும் தானியக் குதிரும் சுவரோடு ஒட்டுவதில்லை, மகன் தலையெடுத்தால் பக்கத்தில் ஓர் அறை சேர்க்கவும் எளிதாக இயலாது, சரிவை வெட்டி எடுத்த ஒடுங்கிய மேடையில் நீள்சதுரமே இடத்தை வீணாக்காத வடிவம். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் 2000-களில் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்காகக் குவிமாடங்கள் எழுந்தன என்றாலும், மலைக் கிராமங்களில் நிலைபெற்ற மண்மூட்டைக் கட்டடம் வேறு முகம் கொண்டது: நேரான சுவர், சதுர மூலை, ஒரே நிலை, மேலே ஜஸ்தா என்று நேபாளியில் வழங்கும் நாகத்தகடு வேய்ந்த சாய்கூரை, சுவருக்கு வெளியே இரண்டடி நீண்ட தாழ்வாரம். பாலைநிலத்தின் அறிவு மலைக்கு வந்தபோது அதன் மிக அழகிய பகுதியை விட்டுக்கொடுத்தே பயன்பட்டது. இதை இழப்பாகக் கருதுவோர் உண்டு. ஒரு தொழில்நுட்பம் ஊருக்குச் சொந்தமாவதன் முதல் அடையாளமாகவே இதைக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வேலை மண்ணில் தொடங்குகிறது. மேல்மண்ணில் வேரும் மக்கும் கலந்திருப்பதால் அதை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுப்பது வழக்கம். நூற்றுக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு களியும், மிச்சம் மணலும் சிறு சரளையுமாக உள்ள மண் மிக ஏற்றது. களி என்பது மண்துகள்களை ஒட்டவைக்கும் பசை. அது மிகுந்தால் உலரும்போது சுருங்கி வெடிக்கும், குறைந்தால் இடித்தாலும் உதிரும். கண்ணாடிக் குடுவையில் பாதிக்கு மண்ணும் மீதிக்கு நீரும் சிட்டிகை உப்பும் இட்டுக் குலுக்கி ஒரு நாள் விட்டால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலுமாகப் படியும். படிவுகளின் உயரத்தை அளந்து கலவையைத் திருத்திக்கொள்ள ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. ஈரத்தின் அளவைத் தமிழ் வீட்டு அடுக்களையின் மொழியில் சொன்னால் புட்டுமாவுப் பதம்: கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும், உள்ளங்கையில் நீர் கசியக் கூடாது.

வானம் தோண்டியபின் அடியிலிருந்து தரைமட்டத்துக்கு மேல் ஓரடி வரைக்கும் மண்ணுக்குப் பதிலாகச் சரளைக்கல் நிரப்பிய இரட்டைச் சாக்குகள் வைக்கப்படுகின்றன. மண் நிலத்தடி ஈரத்தை மெல்ல மேலே உறிஞ்சும் இயல்புடையது. கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் அந்த ஏற்றத்தைத் துண்டித்துவிடுகிறது. இதன் மேல் ஏறும் ஒவ்வொரு மூட்டையும் சுவரின் மீதே வாளி வாளியாக மண் கொட்டி நிரப்பப்படுகிறது. கீழே நிரப்பி மேலே தூக்குவது என்றால் ஐம்பது கிலோ கொள்ளும் சாக்கை இருவர் சுமக்க வேண்டிவரும். வாளியைக் கைமாற்றுவதோ வயது முதிர்ந்தவர்களுக்கும் இயலும். சாக்கின் அடி மூலைகளை உட்புறமாகக் குத்தி மடித்து, வாயை அடுத்த மூட்டையின் முதுகோடு நெருக்கி மடித்து வைத்தால் வெளிமுகம் புடைக்காமல் நிற்கும். முள்கம்பியின் மேல் சாக்கை நகர்த்த முடியாது என்பதால் இடையே ஒரு தகரத் துண்டை வைத்து, மூட்டையை இடத்தில் பொருத்தியபின் தகரத்தை உருவி எடுப்பார்கள். இந்தச் சிறு உத்தியை அறியாதவர்கள் முதல் வரியிலேயே சாக்கைக் கிழித்துக்கொண்டு தவிப்பதுண்டு.

வரிக்கு வரி இரண்டு இழையாகப் போடப்படும் முள்கம்பிதான் இங்கே சாந்தின் வேலையைச் செய்கிறது. செங்கல் சுவரில் சாந்து கல்லைக் கல்லோடு ஒட்டுகிறது. ஆனால் சாந்துக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலிமை உண்டே தவிர இழுப்பைத் தாங்கும் வலிமை குறைவு. முள்கம்பியின் கூர்கள் மேல் மூட்டையையும் கீழ் மூட்டையையும் ஒருசேரக் கவ்விக்கொள்கின்றன, கம்பியோ சுவரின் முழுநீளத்துக்கும் இழுப்பைக் கடத்துகிறது. நிலம் அசையும்போது மூட்டைகள் சிறிதளவு நகர்ந்து உராய்ந்து அதிர்வின் ஆற்றலை உண்டுவிடும், ஆனால் பிரிந்து விழா. இதனோடு மூலைகளிலும் கதவு நிலைகளின் இருபுறத்திலும் செங்குத்தாக இறக்கிய இரும்புக் கம்பிகளும், நீண்ட சுவர்களுக்கு உதைசுவர்களும், யாவற்றுக்கும் மேலாகச் சுவரின் தலையில் வீட்டைச் சுற்றி ஒரே வளையமாக வார்க்கப்படும் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டையும் சேர்ந்தே கட்டடத்தை ஒரு பெட்டியாக்குகின்றன. இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நிலநடுக்கத்தில் சுவர்மேல் விழும் விசை அதன் எடைக்கு ஏற்பக் கூடுகிறது. பதினைந்து அங்குல மண்சுவர் சதுர மீட்டருக்கு 650 கிலோவுக்குக் குறையாது. ஆகவே பட்டையும் செங்குத்துக் கம்பியும் இல்லாத மண்மூட்டைச் சுவர், இடிந்த கற்சுவரைப் போலவே ஆபத்தானது. செலவைக் குறைக்கிறோம் என்று இவற்றில் கைவைப்பவர்கள் வீட்டை மலிவாக்கவில்லை, அதில் உறங்குவோரின் உயிரை மலிவாக்குகிறார்கள்.

சோலுகும்பு, சிந்துபால்சௌக் மாவட்டங்களில் நிலநடுக்கத்துக்கு முன்பே எழுப்பப்பட்டிருந்த மண்மூட்டைப் பள்ளி அறைகள் 2015-இல் நின்றன. அப்போது நாடெங்கும் இருந்த ஏறத்தாழ ஐம்பது மண்மூட்டைக் கட்டடங்கள் பெரிய சேதமின்றித் தப்பின என்று அத்துறையில் பணியாற்றியோர் அறிவித்தனர். இச்செய்தி ஊக்கமளிப்பதே, எனினும் அதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அவை பெரும்பாலும் புதியவை, ஒற்றை நிலை உடையவை, பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் எழுந்தவை. நூறாண்டு பழகிய மூன்று நிலைக் கல்வீட்டோடு அவற்றை ஒப்பிட்டு மூட்டைக்கு முழு வெற்றி சூட்டுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது. குறுக்குக் கல்லும் கிடைமட்டப் பட்டையும் முறையாக வைத்த கல்வீடும் நிற்கக்கூடியதே. கல் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் கற்கொத்தனாரின் கைத்திறனைத் தூக்கியெறிந்துவிட்டு மூட்டை நிரப்பச் சொல்வது, ஊரின் அறிவை வறுமைப்படுத்துவதாகும். நல்ல கல் அரிதாகி அடிமண் மிகுந்த சரிவுகளில்தான் இம்முறைக்கு உண்மையான இடம் உண்டு.

உழைப்பின் கணக்கைப் பலரும் சொல்லாமல் கடக்கிறார்கள். ஆறு மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவில், நடுவே ஒரு குறுக்குச் சுவருடன் அமையும் இரண்டறை வீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சுவர் நீளம் 24 மீட்டர், உயரம் 2.4 மீட்டர், கதவு, ஜன்னல்களுக்கு இடம் கழித்தால் 50 சதுர மீட்டர் சுவர், அதாவது 19 கன மீட்டர் இறுகிய மண். இது ஏறத்தாழ 34 டன். வரி ஒன்று 12 சென்டிமீட்டர் உயரம் என்றால் இருபது வரி, வரிக்கு இரண்டு இழையாக ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டிய முள்கம்பி. இந்த 34 டன்னும் தோண்டப்பட்டு, சலிக்கப்பட்டு, நனைக்கப்பட்டு, வாளியில் ஏறி, திமிசின் கீழ் இறுக வேண்டும். உள்ளூர் மண் விலையில்லாதது என்பது உண்மை, உள்ளூர் உழைப்பும் விலையில்லாதது என்று அதோடு சேர்த்துக் கணக்கிடுவது பிழை. மலைக் கிராமங்களில் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைதேடிப் போய்விட்ட நிலையில், வீட்டில் எஞ்சியிருப்போர் பெண்களும் முதியோரும் சிறுவர்களும். நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்கு உழைத்து, அதே நாள்களைத் திரும்பப் பெறும் பர்மா என்னும் உழைப்புப் பரிமாற்ற முறை நேபாளத்தில் பழங்காலம் தொட்டு உண்டு. கட்டுமானத்தை அந்த முறைக்குள் கொண்டுவந்து, மழை ஓய்ந்த ஐப்பசிக்கும் அடுத்த மழைக்கும் இடைப்பட்ட மாதங்களில், வயல்வேலை இல்லாத நாள்களைத் தேர்ந்து நடத்தினால் மட்டுமே இந்தச் சுமை தாங்கத்தக்கதாகும். பெண்களே கட்டித் தீர வேண்டிய நிலையில் அவர்களுக்குக் கூலியும் பயிற்சிச் சான்றும் கிடைப்பதையும் திட்டச் செலவில் சேர்த்தாக வேண்டும்.

சூழலுக்கு உகந்தது என்ற அடைமொழியையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ எட்டு விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியைச் சார்ந்தது; செங்கல் சூளையோ விறகையும் நிலக்கரியையும் தின்பது. சுவரின் பெரும்பகுதியைச் சுடாத மண்ணால் எழுப்பும்போது இவ்விரண்டின் தேவையும் வெகுவாகக் குறைகிறது. லாரி போகாத ஊருக்குக் கழுதை முதுகிலும் மனித முதுகிலும் ஏறும் பாரமும் குறைகிறது. ஆனால் பட்டைக்கும் கம்பிக்கும் வெளிப்பூச்சுக்கும் சிமெண்டும் இரும்பும் வேண்டும், சாக்கு பெட்ரோலியத்தில் பிறந்த நெகிழி. அந்த நெகிழிக்கு வெயிலே பகை: சூரிய ஒளியில் சில மாதம் திறந்து கிடந்தால் இழை நொறுங்கி, கிழிசல்கள் காற்றில் பறந்து வயலில் சேரும். சுவர் எழும்போதே கிழிந்த சாக்காலோ தார்ப்பாயாலோ மூடிவைத்து, எழுந்தவுடன் பூசிவிடுவது ஆகவே கட்டாயம். சணல் சாக்கு இயற்கையானது என்று அதை நாடுவோர் உண்டு. ஈரமண்ணில் அது விரைவில் மக்கிவிடும் என்பதால், மண்ணில் சிறிது சிமெண்டோ சுண்ணாம்போ கலந்து கெட்டிப்படுத்தினாலொழிய அது ஏற்றதன்று.

இவற்றையெல்லாம்விடக் கடினமான தடை மனத்தில் இருந்தது. சிமெண்டுத் தூணும் கான்கிரீட் தளமும் கொண்ட 'பக்கி' வீடு ஒருவரின் உயர்வைக் காட்டும், மண்ணோ ஏழ்மையைக் காட்டும் என்ற எண்ணம் இந்தியக் கிராமங்களைப் போலவே நேபாளத்திலும் ஆழமானது. தங்கள் மண்வீடு இடிந்து உறவினரை இழந்தவர்களிடம் மீண்டும் மண்ணையே நம்பச் சொல்வது எளிதான பேச்சன்று. அவர்களின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது அவர்கள் பட்ட துயரத்தை அவமதிப்பதாகும். மனத்தடையோடு பணத்தின் தடையும் சேர்ந்தது. இடிந்த வீட்டை மறுபடி கட்ட அரசு வீட்டுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாயை, ஐம்பதாயிரம், ஒன்றரை லட்சம், ஒரு லட்சம் என்று மூன்று தவணையாக வழங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் வீடு நிலநடுக்க விதிகளுக்கு ஏற்ப எழுகிறதா என்று பொறியாளர் பார்த்துச் சான்று தந்த பின்னரே அடுத்த தவணை. அங்கீகரித்த வடிவமைப்புகளுள் இடம்பெறாத முறையில் கட்டுபவருக்கு இந்தப் பணம் சிக்கலாகிவிடும். அரசின் வடிவமைப்புத் தொகுப்பில் மாற்றுப் பொருள்களுக்கான இரண்டாம் பாகம் 2017-இல் வெளிவந்தபோது அதில் மண்மூட்டை வீடும் சேர்க்கப்பட்டது; அது இந்த முறையைச் சில தொண்டு அமைப்புகளின் ஆர்வம் என்ற நிலையிலிருந்து ஒரு குடியானவர் உரிமையோடு கேட்கக்கூடிய தெரிவு என்ற நிலைக்கு உயர்த்தியது. மறுகட்டுமானத்தில் பெரும்பான்மை வீடுகள் கல்லாலும் செங்கல்லாலும்தான் எழுந்தன. எண்ணிக்கை சிறிதே ஆனாலும், அரசு ஏட்டில் வரைபடமாக ஒரு மண்வீடு நிற்பது பிற மலைநாடுகளுக்கு முன்மாதிரி.

குடிபுகுந்த பின் வரும் கேள்வி குளிர். தடித்த மண்சுவர் வெப்பத்தைத் தடுப்பதில்லை, தேக்கிவைக்கிறது. பகல் வெயிலை மெல்ல உள்வாங்கி இரவில் மெல்ல விடுவது அதன் குணம். பகலும் இரவும் பெரிதும் வேறுபடும் தாழ்வான மலைகளில் இது இதமாக இருக்கும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வெயில் படாத சரிவில் தேக்கிவைக்க வெப்பமே இல்லாததால் அறை நாள்முழுதும் சில்லென்றே இருக்கும். எனவே அங்கே பெரிய ஜன்னல்கள் தெற்கு நோக்கி அமைய வேண்டும், வடக்குச் சுவர் சரிவோடு ஒண்டியிருக்கலாம், தகரக் கூரைக்கு அடியில் பலகையோ வைக்கோலோ பரப்பிய உட்கூரை தவறாமல் வேண்டும்.

பூச்சு பழைய கதைதான். கோழிவலை அடித்துப் போட்ட சிமெண்டுப் பூச்சானாலும், ஊர்ப்பெண்கள் செம்மண்ணும் சாணமும் குழைத்து மெழுகும் பூச்சானாலும், ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அதைச் சுற்றிப் பார்த்து, வெடிப்பை அடைத்து, அடிச்சுவரில் தெறித்த மண்ணைக் கழுவி, தாழ்வாரச் சொட்டு விழும் கோட்டில் சரளை பரப்பிவைக்க வேண்டும். கல்வீட்டுக்கு இதே வேலையை அந்தப் பெண்கள் திகார் பண்டிகைக்கு முன் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். மூட்டைச் சுவருக்கு அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது, பூச்சு பெயர்ந்து வெண்ணிறச் சாக்கு கண்ணில் பட்டால் அந்த வாரமே மூடிவிட வேண்டும் என்ற ஒன்றைத்தான்.